முன் பிரேக் பேட் 3 மி.மீ.தான் இருக்கு: காலிப்பரைக் கழட்டாம மாத்திடலாமா?

ரெட்லைன் | பிப்ரவரி 8, காலை 7.10

ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், எடை சுமார் 1,400 கிலோ. முன்னாடி நாலு பிஸ்டன் ஃபிக்ஸட் காலிப்பர் (சக்கரத்தோட சுத்துற டிஸ்க்ல பேட்டை அமுக்குற பாகம், நகராத டைப்). பேட் மேல்வழியா வர்ற டைப், அதைப் பிடிக்க ரெண்டு பின், நடுவுல ஸ்பிரிங் தகடு. பின்னாடி ஒத்தைப் பிஸ்டன் ஃப்ளோட்டிங் (பக்கவாட்டுல நகர்ற) காலிப்பர், எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக். முன் வலதுல உள் பேட் 3 மி.மீ., வெளி பேட் 5 மி.மீ. பின்னாடி நாலு பேட்டும் 4 மி.மீ. வாக்குல. பேட் தேய்ஞ்சதைச் சொல்ற விளக்கு எரிய ஆரம்பிச்சாச்சு.

என் கணக்கு: பின்னைத் தட்டி, பழசை உருவி, பிஸ்டனைத் தள்ளி, புதுசைச் சொருகி, பின்னைத் திரும்ப அடிச்சா முடிஞ்சது. காலிப்பர் போல்ட்டைத் தொடவே வேண்டாம். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம். ஏதாவது விட்டுட்டேனா?

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 8, காலை 8.02

அரை மணி நேரம் சரிதான், பின் ஒழுங்கா வெளியே வந்தா.

விட்டது ஒண்ணு இருக்கு. உள் பேட்டுக்கும் வெளி பேட்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம். ஃப்ளோட்டிங் காலிப்பரா இருந்தா காலிப்பர் நகர்ற கைடு பின் இறுகிடுச்சுன்னு முடிச்சிடலாம். ஃபிக்ஸட் காலிப்பர்ல கைடு பின்னே கிடையாது, ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கு, தேய்மானம் ஏறக்குறைய சமமா இருக்கணும். முன் இடது எவ்வளவு? அதைச் சொல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது.

ரெட்லைன் | பிப்ரவரி 8, காலை 8.40

இடது ரெண்டும் 5.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 8, காலை 8.44

அப்போ வலது உள் பேட் மட்டும் டிஸ்க்கை விடாம உரசிக்கிட்டே ஓடியிருக்கு. புது பேட் போட்டா அதுவும் அப்படியேதான் தேயும். காரணத்தைக் கண்டுபிடிக்காம பின்னைத் திரும்ப அடிக்காதீங்க.

பழையபேட் | பிப்ரவரி 8, பகல் 11.30

காரணங்கள் இரண்டுதான். ஒன்று, உள்பக்கப் பிஸ்டன் திரும்பி வருவதில்லை. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் இல்லை. சதுர வெட்டு ரப்பர் சீல், அழுத்தும்போது சற்று முறுக்கிக்கொண்டு, பெடலை விட்டதும் நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு பின்னே இழுக்கிறது. சீல் காய்ந்துபோனாலோ பிஸ்டன் மேல் துரு ஏறினாலோ இது நடக்காது.

இரண்டாவது, பிஸ்டன் நன்றாகவே இருக்கும். பேட்தான் காலிப்பரில் இறுகியிருக்கும். அலுமினிய காலிப்பரில் பேட்டின் முனைகள் உட்காரும் இடத்தில் எவர்சில்வர் தகடு வைத்திருப்பார்கள். தகட்டுக்கு அடியில் ஈரமும் உப்பும் போய் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பொடி தகட்டைத் தூக்கும், இடைவெளி குறையும், பேட் மாட்டிக்கொள்ளும்.

பழைய பேட்டை எடுக்கும்போதே தெரிந்துவிடும். பின்களை உருவியதும் பேட் விரலோடு வந்தால் பிஸ்டனைச் சந்தேகப்படுங்கள். நெம்பினால்தான் வருகிறது என்றால் தகடு.

ஆலன்கீ | பிப்ரவரி 8, மாலை 6.15

தூக்குறதுல ஆரம்பிப்போம், இது தாழ்வான வண்டி. சாதாரண ஜாக் சில சமயம் பம்பருக்கு அடியிலேயே போகாது. முன் சக்கரம் ரெண்டையும் 4 செ.மீ. பலகை மேல ஏத்திட்டு அப்புறம் ஜாக் போடுங்க. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டைக் கால் சுற்று தளர்த்திடணும். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஜாக் பாயின்ட்ல தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டு மேல உட்கார வச்சு, வண்டியை ஒரு தடவை உலுக்கிப் பாத்துட்டுத்தான் கையை உள்ளே விடணும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் உட்காராதீங்க, அதோட சீல் எப்போ விடும்னு ஜாக்குக்கே தெரியாது.

காலிப்பரோட பின்பக்கம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பி வைங்க.

பின்: ஒரு முனை தடிப்பா இருக்கும், அதுக்கு எதிர் முனையில பஞ்ச் வச்சுத் தட்டணும். சிலதுல சின்ன கிளிப் பூட்டு இருக்கும், அதை முதல்ல எடுக்கணும். பஞ்ச் 3 மி.மீ. இல்லை 4 மி.மீ. முதல் ரெண்டு அடி கொஞ்சம் பலமா, அப்புறம் மெதுவா. ரெண்டாவது பின் வரும்போது ஸ்பிரிங் தகட்டைக் கட்டைவிரலால அமுக்கிக்கோங்க, இல்லேன்னா முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி போட்டுக்கோங்க. புது பேட்டோட வர்ற புது பின்னையும் ஸ்பிரிங்கையும் போடுங்க, "பழசே நல்லாத்தான் இருக்கு"ன்னு டப்பாவுல வைக்காதீங்க.

நாலு பிஸ்டன்ல எல்லாரும் தடுமாறுற இடம் அடுத்தது. ரெண்டு பேட்டையும் ஒரே நேரத்துல உருவிட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளினீங்கன்னா மத்த மூணுல எது லேசா இருக்கோ அது வெளியே வரும். கொஞ்சம் கூடத் தள்ளினா அது சீலை விட்டே வந்துடும், அப்புறம் அது பேட் மாத்துற வேலை இல்லை. அதனால ஒவ்வொரு பேட்டா எடுங்க:

வெளி பேட் உள்ளேயே இருக்கட்டும். உள் பழைய பேட்டை எடுக்காம, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோல் வச்சு, பிஸ்டன் ரெண்டும் ஒண்ணா முழுசா உள்ளே போற வரைக்கும் மெதுவா தள்ளுங்க. பழைய பேட்டே தட்டு மாதிரி ரெண்டு பிஸ்டனையும் சமமா அமுக்கும். அப்புறம் அதை உருவிட்டுப் புது பேட்டை இறக்குங்க. இப்போ வெளிப்பக்கத்துக்கு வாங்க. ஒரு சக்கரம் முழுசா முடிஞ்ச பிறகுதான் அடுத்த சக்கரம்.

நெம்புகோலை டிஸ்க்கோட உராயுற பரப்புல இரும்பா வைக்காதீங்க, கீறல் விழும்.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 8, இரவு 9.20

பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் எங்கே போகும்னு யாரும் சொல்லலை. பெடல் அமுக்குற மாஸ்டர் சிலிண்டரோட ஆயில் டப்பாவுக்குத்தான். பிஸ்டன் 36, 40 மி.மீ.ன்னு வைங்க. ஒரு பேட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு பிஸ்டனோட பரப்பு 22.7 சதுர செ.மீ. புது பேட் 11 மி.மீ.ன்னா வலதுல 8, 6, இடதுல 6, 6 மி.மீ. தள்ளணும். முன்பக்கம் மட்டும் 59 மி.லி. பின்பக்கம் 38 மி.மீ. பிஸ்டன், புது பேட் 10 மி.மீ.ன்னா இன்னும் 27 மி.லி. மொத்தம் கிட்டத்தட்ட 86 மி.லி. திரும்பி வரும்.

பேட் தேயத் தேய லெவல் இறங்குறது இயல்பு. இடையில யாராவது "குறைஞ்சிருக்கே"ன்னு மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தியிருந்தா இப்போ வழியும். பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும். முன்னாடியே ஊசியில்லாத சிரிஞ்சால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க. சிந்தினா துணியால தேய்க்காம உடனே தண்ணி ஊத்துங்க, அது தண்ணியில கரையும்.

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 9, காலை 6.50

திருப்பித் தள்ளுறதே தப்பு. காலிப்பர்ல இருக்கிறதுதான் சிஸ்டத்துலேயே அழுக்கான ஆயில். அதை ஏபிஎஸ் பெட்டிக்குள்ள ஏன் அனுப்பணும்? ப்ளீட் நிப்பிளை, அதாவது காலிப்பர்ல ஆயிலையும் காத்தையும் வெளியே விடுற சின்னத் திருகைத் திறந்து, குழாய் மாட்டி, பாட்டில்ல விட்டுட்டே தள்ளணும்.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 9, காலை 7.35

தினமும் ஒவ்வொரு பிரேக்குக்கும் அதே ஆயில் அதே வழியாத்தான் போய் வருது. பெரும்பாலான கம்பெனிகளோட சர்வீஸ் புத்தகத்துல திருப்பித் தள்ளத்தான் சொல்லியிருக்கு. நிப்பிளைத் திறந்தா காத்து புகுற வாய்ப்பு, நிப்பிள் முறியுற வாய்ப்பு, ரெண்டும் வருது.

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 9, காலை 7.41

ஸ்போர்ட்ஸ் கார்ல ஆயிலை எப்படியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். எப்படியும் நிப்பிளைத் திறக்கத்தானே போறீங்க?

பழையபேட் | பிப்ரவரி 9, காலை 9.00

இரண்டு பேர் சொல்வதும் வேறு வேறு வண்டிக்குப் பொருந்தும். ஆயில் போன வருடம்தான் மாற்றியது என்றால் மெதுவாகத் திருப்பித் தள்ளலாம். இரண்டு வருடம் தாண்டிவிட்டதா, நிறம் தேநீர் போல் ஆகிவிட்டதா, நிப்பிளைத் திறந்து தள்ளிவிட்டு, பேட் போட்டு முடித்த பிறகு நான்கு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை ப்ளீட் செய்யுங்கள். நாலு பிஸ்டன் காலிப்பரில் பெரும்பாலும் இரண்டு நிப்பிள் இருக்கும், இரண்டையும் திறந்தாக வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

பெடலை மிதித்து ப்ளீட் செய்தால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு சீல் போவதே இல்லை. பழைய வண்டியில் அங்கே துரு படிந்திருக்கும். ஒரே மிதியில் தரைவரை போனால் சீலின் உதடு கிழியலாம்.

ரெட்லைன் | பிப்ரவரி 9, மாலை 7.10

ஆயில் மாத்தி ரெண்டரை வருஷம். அப்போ நிப்பிள். டாட் 4 தர ஆயில் இருக்கு, 5.1 போடலாமா?

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 9, மாலை 7.30

போடலாம், ரெண்டும் கிளைகால் வகை, கலக்கும். குறைஞ்சபட்ச கொதிநிலை: டாட் 4 புதுசா இருக்கும்போது 230 டிகிரி, தண்ணி உறிஞ்சின பிறகு 155. டாட் 5.1க்கு 260, 180. டாட் 5ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிக்கோன், பேரைப் பாத்து ஏமாந்து வாங்கிடாதீங்க. இதோட கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது. ஆனா சில வண்டிக்கு குளிர்லயும் சீக்கிரம் ஓடுற குறைஞ்ச பாகுநிலை டாட் 4தான் வேணும்னு எழுதியிருக்கும், மூடியைப் பாத்துக்கோங்க.

ஆலன்கீ | பிப்ரவரி 10, காலை 8.05

பின்பக்கம். முதல் வேலை, எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகணும். சில வண்டியில ஸ்விட்சும் பெடலும் சேர்த்து அமுக்குற ஒரு வரிசை, பலதுல ஸ்கேன் கருவி வேணும். மோட்டார் சுத்தி, பிஸ்டனுக்குள்ள இருக்கிற திருகு நட்டைப் பின்னுக்குக் கொண்டுபோகும். அது போகாம சி-கிளாம்ப் போட்டு அமுக்கினா ஒண்ணு கியர் உடையும், இல்லை பிஸ்டன் அசையாது. பேட் வெளியே இருக்கும்போது யாரும் ஹேண்ட் பிரேக் ஸ்விட்சைத் தொடக் கூடாது. பேட்டரி பலவீனமா இருந்தா சார்ஜர் மாட்டிட்டு ஆரம்பிங்க, நடுவுல மோடு அறுந்துட்டா தலைவலி.

மோட்டார் பின்னுக்குப் போன பிறகு பிஸ்டனை நேரா தள்ளலாம். கேபிள் ஹேண்ட் பிரேக் வண்டியா இருந்தா கதை வேற. அங்கே பிஸ்டனைச் சுத்திக்கிட்டே தள்ளணும், நேரா அமுக்கினா உள் திருகு கெடும். சுத்தி முடிச்ச பிறகு பிஸ்டன் முகத்துல இருக்கிற வெட்டு, பேட்டுக்குப் பின்னாடி இருக்கிற முனையோட சேரணும். மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் ரெண்டு தலைமுறையில அதுவும் இல்லை. காலிப்பர் பின்னாடி ஒரு மூடி போல்ட், அதுக்குள்ள 4 மி.மீ. ஆலன் கீ. இடஞ்சுழியா சுத்தினா பிஸ்டன் உள்ளே போகும். புது பேட் போட்ட பிறகு வலஞ்சுழியா பேட் டிஸ்க்கைப் பிடிக்கிற வரைக்கும் சுத்தி, மூணுல ஒரு சுற்று பின்னுக்கு விடணும்.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 10, காலை 8.20

பேர்க்காரணம் தெரிஞ்சிடுச்சு.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 10, காலை 8.45

பின் காலிப்பர் ஃப்ளோட்டிங்ன்றதால கைடு பின் ரெண்டையும் வெளியே எடுத்துப் பாருங்க. துரு இருந்தா மாத்தணும், காஞ்ச கிரீஸ் இருந்தா துடைச்சுட்டுப் புதுசு போடணும். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணுல ரப்பர் வளையம் இருக்கலாம், இடம் மாத்திப் போடாதீங்க. காலிப்பரை ஹோஸ்ல தொங்கவிடாம கம்பியால ஸ்பிரிங்ல கட்டி வைங்க. கைடு போல்ட் பொதுவா 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 80 முதல் 120. உங்க வண்டிக்கு உள்ள எண்தான் கடைசி வார்த்தை. சின்ன போல்ட்டைப் பெரிய போல்ட் மாதிரி முறுக்கி மரை போனதுதான் அதிகம்.

ரெட்லைன் | பிப்ரவரி 10, இரவு 10.00

கிரீஸ் எது? செம்பு கிரீஸ் இருக்கு.

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 10, இரவு 10.12

அதை மூடி வைங்க. அலுமினிய காலிப்பர்ல செம்பு பட்டா அரிப்பு கூடும். ஏபிஎஸ் சென்சார் பக்கத்துல உலோகத் தூள் கலந்த பேஸ்ட் வேண்டாம். கைடு பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ், இல்லை கம்பெனி குடுக்குற ரப்பர் கிரீஸ். பேட் முனைக்கும் பேட்டோட இரும்புப் பின்தகட்டுக்கும் செராமிக் பேஸ்ட், கொண்டைக்கடலை அளவுக்குப் பாதி, அதுவும் படலமா. சாதாரண சேசிஸ் கிரீஸ் ரப்பர் கிட்டயே வரக் கூடாது. பிரேக் ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதி மென்மையாகிடும்.

பழையபேட் | பிப்ரவரி 11, காலை 6.30

பின்தகட்டில் ஏற்கெனவே ரப்பர் பூசிய ஷிம் (மெல்லிய தகடு) ஒட்டியிருந்தால் அதன் மேல் எதுவும் வேண்டாம். பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும் அதிர்வுத் தணிப்பான் உள்ள பேட்களும் உண்டு, போர்ஷேயில் பார்க்கலாம். பழைய பேட்டை உருவும்போது அது பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு வராது. தட்டையான கருவியால் பேட்டையும் பிஸ்டனையும் முதலில் பிரிக்க வேண்டும்.

ரெட்லைன் | பிப்ரவரி 14, பகல் 12.40

வலது முன் திறந்தாச்சு. பின் ரெண்டும் வந்துடுச்சு. வெளி பேட் விரலோட வந்தது. உள் பேட் நெம்பித்தான் வந்தது, கீழ் முனையில தகடு ஒரு பக்கம் தூக்கி நிக்குது, ஓரத்துல வெள்ளைப் பொடி. பழைய பேட்டை வச்சு அமுக்கினா பிஸ்டன் ரெண்டும் சுலபமா உள்ளே போகுது, தூசு ரப்பர் கிழியலை. புது பேட் அந்த இடத்துல இறங்கவே மாட்டேங்குது. முனையை அரத்தால ராவிட்டா போகும்போல இருக்கு.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 14, பகல் 12.48

அரத்தைக் கீழே வைங்க.

பழையபேட் | பிப்ரவரி 14, பகல் 1.15

பேட்டின் முனையை ராவினால் இன்று இறங்கும். பொடி அடியில் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், தகடு மறுபடி தூக்கும், சில மாதத்தில் இதே இறுக்கம். ராவிய இடத்தில் பெயின்டும் போயிருக்கும், அங்கே துரு பிடிக்கும்.

தகட்டை எடுத்தாக வேண்டும். அதைப் பிடித்திருப்பது ஒரு சின்ன திருகு, ஆலன் அல்லது நட்சத்திரத் தலை. அலுமினியத்தில் இறுகிப்போயிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டு, சரியான அளவு பிட்டை அழுத்தி வைத்து, சுத்தியலால் பிட் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். தலை வழுக்கினால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். காலிப்பர் வண்டியில் இருக்கும்போது அந்தக் கோணம் கிடைக்காது. ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில்: உங்கள் வண்டியில் காலிப்பரைக் கழட்டத்தான் வேண்டும்.

தகடு வந்ததும் பொடியைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷாலும் மழுங்கிய உளியாலும் சுரண்டுங்கள். உலோகம் தெரிந்ததும் நிறுத்துங்கள், கிரைண்டர் வேண்டாம், அலுமினியம் சீக்கிரம் குழியும். பிரேக் கிளீனரால் துடைத்து, தகட்டுக்கு அடியில் செராமிக் பேஸ்ட் மெல்லியதாகத் தடவி, புதுத் திருகு போடுங்கள். ஊடுருவும் எண்ணெய் பேட்டிலும் டிஸ்க்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட பேட் போனதுதான், கழுவி மீட்க முடியாது.

ஆலன்கீ | பிப்ரவரி 14, பகல் 2.00

சேர்த்துக்கோங்க: காலிப்பரைப் பிடிக்கிற போல்ட் சில வண்டியில ஒரு தடவைதான் போடலாம்னு இருக்கும், புதுசு வாங்கி வைங்க. ஹோஸைக் கழட்ட வேண்டாம், கம்பியில தொங்கவிட்டே சுரண்டலாம். இடது காலிப்பரையும் இதே மாதிரி செய்யுங்க. இன்னும் தூக்கலைன்னாலும் அடியில பொடி ஆரம்பிச்சிருக்கும்.

இன்னொண்ணு, தூசைக் காத்து அடிச்சு ஊதாதீங்க. பழைய காலத்து லைனிங்ல கல்நார் இருந்தது, இப்போ இல்லாட்டியும் அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஈரமாக்கித் துடைங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச பாகத்தைச் சூடாக்கவோ வெல்டிங் பண்ணவோ கூடாது, நச்சு வாயு வரும்.

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 14, மாலை 5.25

காலிப்பர் கையில இருக்கும்போதே டிஸ்க்கை அளந்துடுங்க. குறைஞ்சபட்ச தடிமன் டிஸ்க்கோட நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குத்தியிருக்கும். வெர்னியர் ஓரத்து வரம்பு மேல உட்கார்ந்து கூடக் காட்டும், மைக்ரோமீட்டர்தான் வேணும். எட்டு இடத்துல, ஓரத்துல இருந்து 10 மி.மீ. உள்ளே. எட்டு எண்ணுக்குள்ள 0.02 மி.மீ. மேல வித்தியாசம் இருந்தா பெடல்ல அதிர்வு உணர ஆரம்பிக்கலாம். துளை போட்ட டிஸ்க்கா இருந்தா துளையில இருந்து துளைக்கு ஓடுற விரிசலைப் பாருங்க. ரெண்டு துளையைச் சேர்த்திருந்தாலும் ஓரத்தைத் தொட்டிருந்தாலும் டிஸ்க் முடிஞ்சது.

கார்பன் செராமிக் டிஸ்க் வச்சிருக்கிறவங்க மேல சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. அதோட தேய்மானத்தை எடையை வச்சும் பார்ப்பாங்க, குறைஞ்சபட்ச எடை டிஸ்க்லேயே எழுதியிருக்கும். பேட்டும் தனி.

ரெட்லைன் | பிப்ரவரி 14, இரவு 9.50

டிஸ்க் நல்லாருக்கு. வித்தியாசம் 0.01க்குள்ளதான். பேட் ஓரத்துல கடைசியா எஃப்எஃப்னு எழுதியிருக்கு, பழசுல ஜிஜி. பரவாயில்லையா?

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 14, இரவு 10.05

முதல் எழுத்து மிதமான சூட்டுல உராய்வு எண், ரெண்டாவது எழுத்து அதிக சூட்டுல. ஈ 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. எஃப்எஃப் ரோட்டுக்குத் தாராளம். பிரச்சினை அது இல்லை. முன்னாடி மட்டும் எஃப், பின்னாடி பழைய ஜி அப்படியே இருந்தா சமநிலை மாறி பின் சக்கரம் முன்னாடியே பூட்டப் பார்க்கும். நாலு சக்கரத்துக்கும் ஒரே குடும்பத்துப் பேட் போடுங்க. ரேஸ் பேட் பக்கம் போகாதீங்க, குளிர்ந்திருக்கும்போது காலையில முதல் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 14, இரவு 10.30

எழுத்தை வச்சு மட்டும் பேட் வாங்காதீங்கன்னும் சொல்லிடுங்க. அந்தக் குறியீடு சின்னத் துண்டைச் சோதனை இயந்திரத்துல தேய்ச்சு எடுத்தது, வண்டியில பாத்தது இல்லை. ஐரோப்பிய ஆர்90 முத்திரை இருந்தா அந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டோட ஒப்பிட்டு பிரேக் திறன் 15 சதவீத வித்தியாசத்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம். அதுதான் எனக்குப் பெருசு.

ரெட்லைன் | பிப்ரவரி 16, மாலை 6.20

தகடு சுத்தம் பண்ணி, திருகு மாத்தி, பேட் எல்லாம் போட்டாச்சு. புது பேட் இப்போ விரல் தள்ளினா நகருது. ஆயிலும் மாத்தியாச்சு. ஆனா பெடல் முன்னைவிட மெத்துனு இருக்கு.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 16, மாலை 6.24

வண்டியை நகத்துறதுக்கு முன்னாடி பெடலை மிதிச்சு மிதிச்சு ஏத்துனீங்கல்ல? பிஸ்டன் எல்லாம் பின்னுக்குப் போயிருக்கு. முதல் ரெண்டு மூணு மிதி தரைக்கே போகும், அந்த நிலையில ரிவர்ஸ் எடுத்தா சுவர்தான் பிரேக்.

ரெட்லைன் | பிப்ரவரி 16, மாலை 6.31

ஏத்தியாச்சு. லெவலும் மேக்ஸ்க்குக் கீழே. இஞ்சின் ஓடாதப்போ கெட்டியா நிக்குது. ஓடும்போது மெத்துனு.

பழையபேட் | பிப்ரவரி 16, இரவு 7.10

இஞ்சின் ஓடும்போது மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் உதவுவதால் பெடல் சற்று இறங்குவது இயல்பு. பிரித்தறிய: வேகமாக மூன்று முறை மிதித்தால் பெடல் உயர்ந்து கெட்டியாகிறதா? ஆகிறது என்றால் உள்ளே காற்று இருக்கலாம், மறுபடி ப்ளீட். மாற்றமே இல்லை என்றால் புது பேட்டின் முகம் டிஸ்க்கோடு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை. மேடுகள் மட்டும் தொடுகின்றன, மிதிக்கும்போது பேட் லேசாக வளைகிறது. பதப்படுத்திய (பிரேக் பிடித்துச் சூடேற்றி டிஸ்க்கோடு பழக்கிய) பிறகு சரியாகும். பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்: எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல்.

ரெட்லைன் | பிப்ரவரி 16, இரவு 7.40

மூணு மிதிக்கும் மாற்றம் இல்லை. இறங்கவும் இல்லை. எப்படிப் பதப்படுத்துறது?

நாலாம்பிஸ்டன் | பிப்ரவரி 16, இரவு 8.30

பேட் டப்பாவுல போட்டிருக்கிற முறைதான் முதல். அது இல்லேன்னா பொதுவான வழி: ஆள் இல்லாத நேரான ரோடு. 50 கி.மீ. வேகத்துல இருந்து மென்மையா நாலஞ்சு பிரேக், சூடேத்த. அப்புறம் 100ல இருந்து 10 வரைக்கும், ஏபிஎஸ் வேலை செய்யுறதுக்குக் கொஞ்சம் குறைவான அழுத்தத்துல, எட்டு பத்து தடவை, உடனே வேகமெடுத்து அடுத்தது. முழுசா நிறுத்தவே கூடாது. கடைசியில பிரேக்கைத் தொடாம பதினஞ்சு நிமிஷம் ஓட்டி ஆறவிடணும். இடையில வாசனையும் லேசான புகையும் வரலாம்.

ஏன் இத்தனை தடவை? 1,400 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்துல வச்சிருக்கிற ஆற்றல் 540 கிலோ ஜூல். அதுல 70 சதவீதம் முன் டிஸ்க்குக்குப் போகுதுன்னு வைங்க, ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்து 16 கிலோ. ஒவ்வொரு பிரேக்குக்கும் 50 டிகிரி ஏறும். ஒரே பிரேக்ல சூடு பத்தாது, பத்துல பத்தும். 200ல இருந்து நிறுத்தினா ஆற்றல் நாலு மடங்கு, அதனால ரெண்டு மூணு தடவையிலேயே அதே சூடு வரும், ஆனா ரோட்டுல அதைச் செய்யாதீங்க.

ஆலன்கீ | பிப்ரவரி 16, இரவு 8.50

சூடா இருக்கும்போது சிக்னல்ல பெடலை அமுக்கிக்கிட்டு நிக்காதீங்க. பேட் நின்ன இடத்துல மட்டும் அதோட பொருள் டிஸ்க்ல அச்சுப் பதியும். அப்புறம் அதிர்வு வரும், எல்லாரும் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு"ம்பாங்க. பெரும்பாலும் வளையுறது இல்லை, இந்தத் திட்டுதான். இல்லேன்னா டிஸ்க் உட்காருற ஹப் முகத்துல துரு இருந்து டிஸ்க் சாஞ்சு உட்கார்ந்திருக்கும். டயல் கேஜ்ல டிஸ்க்கோட ஆட்டம் 0.05 மி.மீ. தாண்டினா கழட்டி ஹப்பைச் சுத்தம் பண்ணணும். ஹேண்ட் பிரேக்கையும் சூட்டோட போட வேண்டாம்.

ரெட்லைன் | பிப்ரவரி 18, காலை 9.15

பதப்படுத்தியாச்சு, பெடல் கெட்டி. இறங்கினதும் இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர்ல பாத்தேன், முன் இடது 148, முன் வலது 151. பேட் விளக்கு மட்டும் அணையலை.

டார்க்ரெஞ்ச் | பிப்ரவரி 18, காலை 9.30

மூணு டிகிரி ஒண்ணுமே இல்லை. வலது இனி உரசலை.

விளக்கு: சென்சார் கம்பி பழைய பேட்டோட தேய்ஞ்சு அறுந்திருந்தா அதையும் மாத்தணும், பழைய கம்பியைப் புது பேட்ல சொருகினா விளக்கு எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். மாத்தின பிறகும் எரிஞ்சா ஸ்கேன் கருவியில ரீசெட். ஹேண்ட் பிரேக்கை சர்வீஸ் மோடுல இருந்து முறைப்படி வெளியே கொண்டுவந்தீங்களான்னும் பாருங்க. 50 முதல் 100 கி.மீ. ஓடின பிறகு சக்கர நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச்ல பாத்துடுங்க.

ரெட்லைன் | பிப்ரவரி 23, காலை 7.55

சென்சார் மாத்தினதும் விளக்கு போயிடுச்சு. இப்போ காலையில முதல் ரெண்டு பிரேக்குக்கு மட்டும் கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் இல்லை.

ஆலன்கீ | பிப்ரவரி 23, காலை 8.10

ராத்திரி ஈரத்துல டிஸ்க் மேல படிஞ்ச துரு. விட்டுடுங்க. சூடான பிறகு, 20 கி.மீ. வேகத்துல கீச்சுனு வந்தா சொல்லுங்க. அப்போ பேட்டோட முன் ஓரத்துச் சரிவையும் ஷிம்மையும் பாக்கணும். அதுக்கு மறுபடி பின்னைத் தட்டினா போதும், இந்தத் தடவை நிஜமாவே அரை மணி நேரம்தான்.